கறுப்புத் திரையும் பல்லேபொலவில் இல்லாத ஆளும்

திங்கட்கிழமை காலை மாத்தளையில் என் வாசனைச் சரக்குக் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பதினாறு வருடமாகச் சேர்த்த தோட்டக்காரர் பட்டியல் அதற்குள் இருந்தது. யாரிடம் எத்தனை மிளகுக் கொடி, யார் ஈரக் காயை மூட்டை கட்டுவான், யார் சொன்ன நாளில் தருவான் என்று எல்லாம். என் தொழிலே அதுதான் என்பது உனக்குத் தெரியும்.

அலமாரியிலிருந்து, நகல் எடுக்கும் புரோகிராமோடு நீ தந்த டிரைவை எடுத்தேன். கடைசி ஒன்றரை வருடம் மட்டும் அதில் இல்லை. உன்மேல் சந்தேகம் உறுதியான நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லையே.

அந்தப் புரோகிராமை நீ எழுதியது என் கடையின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே, தும்மிக்கொண்டே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த போன் பேச, போட்டோகாப்பி எடுக்க ஆட்கள் வரும் உன் கம்யூனிகேஷன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாய். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எந்த டிரைவிலிருந்து, எந்த டிரைவுக்கு என்று இரண்டே கேள்வி. மௌஸால் இழுத்துப் போட்டால் போகிறதே, இதற்கு எதற்குத் தனிப் புரோகிராம் என்று கேட்டேன்.

"இழுத்துப் போட்டு நடுவுல நின்னுச்சுன்னா, எது போச்சு எது போகலன்னு ஒனக்குத் தெரியாது மச்சான். இது ஒவ்வொண்ணா கொண்டுபோய் வச்சு, ரெண்டும் ஒண்ணான்னு பாத்துட்டுத்தான் அடுத்தத எடுக்கும்."

கூலி என்ன என்றேன். வேண்டாம் என்றாய். சனியன் அங்கேதான் பிடித்தது. ரத்தோட்டைத் தோட்ட லயத்திலிருந்து ஒரு சாக்கோடு பஸ் ஏறி வந்தவன் நான். சும்மா கிடைத்த எதிலும், மிளகில் கலப்பதுபோல, நடுவில் பப்பாளி விதை கலந்திருக்கும் என்று படித்தவன். சொந்தத் தம்பி கொண்டுவந்தாலும் மூட்டையின் வயிற்றில் குத்தூசி விட்டுப் பார்ப்பேன். கூலி வேண்டாதவனுக்கு என் பட்டியல்தான் வேண்டும், அந்தப் புரோகிராம் அதைத் திருட்டுத்தனமாக உன்னிடம் சேர்க்கும் என்று முடிவுகட்டினேன்.

உனக்கும் ஒரு குத்தூசி விட்டேன். உலகத்திலேயே இல்லாத ஆள் ஒருவனைப் பட்டியலில் சேர்த்தேன்: பல்லேபொல கிரிபண்டா, நாற்பது கராம்பு மரம், முதல் தரச் சரக்கு. பட்டியல் வெளியே போனால் எவனாவது அவனைத் தேடிப் போவான் அல்லவா? வாராவாரம் பல்லேபொலவுக்குப் போய், பஸ் நிற்கும் இடத்துக் கடையில், கிரிபண்டாவைத் தேடி யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன். மூன்றாம் மாதம், மாத்தளை வியாபாரி ஒருவனின் லொறி வந்து தேடிவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது போதும்.

உன்னிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ வந்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றேன். கடைசியாக வந்த அன்று, வாசலில் நின்றபடி, "என்ன மச்சான், நான் என்ன மூட்டையா? குத்திக் குத்திப் பாக்குற" என்று சிரித்தாய். நான் நிமிரவில்லை. தை மாதம் மாரடைப்பில் போனாய். உன் சாவு வீட்டிலும் ரோட்டில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இந்த வாரம் டிரைவைத் திறந்தபோது, புரோகிராமோடு, அதற்காக எழுதிய மூல வரிகளையும் நீ விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அப்போதும் நம்பவில்லை. டவுனில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸிடம் காட்டினேன்.

"ஒரு பக்கம்கூட இல்லையே அண்ணே. இங்க எடுக்குது, அங்க வைக்குது, சரிபாக்குது. எதையும் ஒளிச்சு வைக்க, வெளிய அனுப்ப இதுல எடமே இல்ல."

அப்படியானால் லொறி எப்படி வந்தது? நேரே பல்லேபொலவுக்குப் போனேன். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். வாராவாரம் மாத்தளையிலிருந்து ஒரு முதலாளி வந்து கிரிபண்டா, கிரிபண்டா என்று கேட்டால், அப்படி ஒரு கராம்புத் தோட்டம் இருக்கத்தானே வேண்டும்? வருகிற லொறிக்காரர்களிடமெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். பெயரைப் பரப்பியது நான்தான்.

அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை.

"என்ன குத்தம் செஞ்சேன்னு கடைசி வரைக்கும் யோசிச்சாரு அண்ணே. சொல்லித் தொலைச்சிருந்தா சண்டையாவது புடிச்சிருப்பாரு."

உன் பழைய கம்ப்யூட்டரில் படங்களும் உன் குரல் பதிவுகளும் இருப்பதாக அவள் சொன்னாள். அதுவும் ஒருநாள் செத்துப்போகும் தங்கச்சி, அவன் எழுதிய புரோகிராமை வைத்தே வேறு டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றேன். குத்தூசி விடுவதுபோல் என்னையே பார்த்தாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது என்னைவிட யாருக்குப் புரியும்?

பிறகு பேசி முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை பகலில் வர வேண்டும். புது டிரைவை அவளே வாங்கி வைப்பாள். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு படத்தையும் திறக்கக் கூடாது, ஒரு பதிவையும் கேட்கக் கூடாது. முடிந்ததும் டிரைவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.