ஏத்தங்குலை தூக்கின இடது கை

பாறசாலை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் பெனிலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மையும் சுகம், பசுவும் சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் மருமகனும் புதிதாய் வந்த குட்டித் துரையும் அப்படியே இருக்கணும். இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி ஊர் சுந்தரதாஸ் இன்று காலை தண்ணீர் நிறைத்த அரை லிட்டர் குப்பியை இடது கையால் தூக்கினார், தூக்கினதோடு நில்லாமல் இறக்கவும் செய்தார். கூட்டம் ஒன்றும் கூடவில்லை, பசு மட்டும் பார்த்தது. சிரிக்காதே மக்களே, இது டாக்டர் அனுமதித்த பயிற்சியாக்கும். பேஸ்மேக்கர் வைத்தவன் எடை தூக்கவே கூடாது என்று இல்லை, முறையாய்த் தூக்கணும் என்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, பேஸ்மேக்கர் இருக்கிற இடத்தில் பாரம் அமுங்கக் கூடாது, தலை சுற்றினால் அந்த நிமிஷமே வைத்துவிட்டு உட்காரணும், எடையைக் கூட்டுவது அவரைக் கேட்டுத்தான். மருமகன் கொடுத்தனுப்பின இரும்பு டம்பெல் இரண்டும் அதுவரை காற்றில் கதவு அடிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கல்யாணம் கழிந்த நாள் முதல் நேரத்துக்கு வீடு வராத மனுஷனுக்கு டாக்டர் உள்ளேயே ஒரு கடிகாரம் வச்சு விட்டார் என்று உன் அம்மை எல்லாரிடமும் சொல்லுகிறாள்.

என்னைப் போல ஒரு நோயாளி கிடைக்க அந்த டாக்டர் கொடுத்து வைத்திருக்கணும் என்று போனில் உன்னிடம் அளந்தேன் இல்லையா, அதைத் திருத்தணும். போனில் என்றால் தமாஷ் சொல்லி நழுவிவிடுவேன், அதனால்தான் ராஜப்பன் மகன் தேவகுமார் அங்கே வரும்போது அவன் கையில் லேகியத்தோடு இந்தக் கடிதமும். ஆபரேஷன் கழிந்து நாலாவது வாரம் நம்ம சபையில் அறுப்புப் பண்டிகை, காணிக்கையாய் வருகிற விளைச்சலை ஏலம் கூற வருஷாவருஷம் நான்தானே. ஆறு வாரத்துக்கு இடது கை தோளுக்கு மேலே போகக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயை மட்டும் கொண்டு போங்க, கையை இங்கே வச்சிட்டுப் போங்க என்று அம்மையும் சொன்னாள். வாயால்தான் கூறிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலை வந்தது. உன் ரத்னபாய் சித்தி பின்னாலிருந்து, அத்தானுக்கு பேட்டரி போட்டும் குலை தூக்க ஆள் வேணுமா என்று கேட்டாள், சபை சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் குலையைத் தலைக்கு மேலே தூக்கி, மூன்று தரமும் கூவித்தான் இறக்கினேன். மறுநாள் கழிந்து பசுத்தொழுவத்தில் தலை சுற்றி விழுந்தேன். உள்ளே வைத்த வயர் இடம் மாறிவிட்டது என்று மறுபடியும் கீறி வைத்தார்கள். தாங்காததைத் தூக்குவது நம்ம வீட்டில் முன்னமே உண்டு. உன் பாட்டா தமிழ்நாட்டோடு சேரணும் என்று எல்லைப் போராட்டத்தில் கொடி தூக்கி அடி வாங்கினார், எல்லைக்கோடு வீட்டுக்குக் கிழக்கே விழுந்தது, கேரளத்து ரேஷன் வாங்கித்தான் செத்தார். ஆனால் அவர் ஊருக்காகத் தூக்கினார், நான் ஒரு சிரிப்புக்காக.

உனக்குப் பேறு பார்க்க அம்மை விமானம் ஏற வேண்டிய வாரமாக்கும் அது. என்னை அப்படி விட்டுவிட்டு வர அவளால் முடியல்ல, நிறைமாசக்காரியிடம் உண்மையைச் சொல்லவும் பயம். எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிருங்க, பழி எனக்க தலையில கிடக்கட்டு, பிள்ள நல்லபடியா பெறட்டு என்றாள். நான் அந்தப் பொய்யை நன்றாய் ஜோடித்துச் சொன்னேன். மகளை விட முழங்கால் பெரிசானா அங்கேயே தடவிக்கிட்டு இருக்கட்டும் என்று நீயும் சொன்னாய். பிள்ளை பிறந்த பிறகும் என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய், அம்மையைக் கேட்பதில்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பேரனை எட்டிப் பார்க்கிறாள். இப்போதாவது சொல்லட்டுமா என்றால், பச்சை உடம்பு, கொஞ்சம் கழியட்டும் என்கிறாள். இது அவள் அறியாமல் எழுதுவது. பேரனுடைய முதல் குளியலுக்கு அவள் கை இல்லாமல் போனது என்னால். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியல்ல.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்மணி போல் காக்கட்டும். லேகியம் அம்மை கிண்டினது, காலையும் ராத்திரியும் ஒரு நெல்லிக்காய் அளவு மறக்காமல் சாப்பிடு, பச்சைத் தண்ணீரில் கை நனைக்காதே. இனி கூப்பிடும்போது அவள் போனுக்குக் கூப்பிடு மக்களே. அவள் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. தினமும் சிமென்ட் தரையில் முட்டுப்போட்டு உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறாள், யார் கையும் பிடிக்காமல் எழும்புகிறாள்.

உன் அப்பா,
சுந்தரதாஸ்