முதலில் முகம், பிறகு கதவு

மார்ச் 3

மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, தினமும் ஏதாவது எழுதுங்க. மறதிக்கு நல்லது." பேனாவைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்து யோசித்தேன்.

இன்று எதுவும் நடக்கவில்லை.

மார்ச் 4

இன்றும் இல்லை. கார் ஓட்டப் பழக வந்திருக்கும் பல் டாக்டரம்மா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்தேன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வாழ்க்கையில் இதெல்லாம் நடந்த கணக்கில் வராது.

மார்ச் 7

நடந்துவிட்டது.

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பரவாயில்லை, படிக்கப்போவது நான்தானே.

சலூன் தெருவில் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் காட்டிக்கொடுத்தேன். நான்தான் ஓட்டினேன். இரண்டு வண்டிக்கு நடுவே ஒரே திருப்பு. ஓரக்கல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "எப்படி சார் இப்படி!" என்று அந்தம்மா கை தட்டினார். தட்டாமல் இருந்திருக்கலாம். தலைக்கு ஏறிவிட்டது. இறங்கி நின்று என் கைவண்ணத்தை நானே ரசிக்கலாம் என்று கதவில் கை வைத்தேன்.

ஒரு மணிச் சத்தம். திறந்தேன். டமார்.

சைக்கிள் கதவில், மனிதர் தரையில். ஓடிப்போய்த் தூக்கினால், நம்ம சலூன்காரர்! என் தலையை இருபது வருஷமாக வெட்டுகிறவர். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரே... நீயா? கண்ணாடி பாரு, கண்ணாடி பாருன்னு தெருவே அதிரக் கத்துவியே, அந்த நீயா?"

எலும்பு முறிவு. வலது கை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்ணாடி சார்'. அந்தக் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

மார்ச் 8

போலீஸ் ஸ்டேஷன். "சார், வண்டி நின்னுட்டுதானே இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வண்டி நின்னுச்சு. கதவு ஓடுச்சே."

கதவைத் திறந்து ஒருவரைக் காயப்படுத்தினாலும் கவனக்குறைவு வழக்குதானாம். அபராதம் உண்டு. லைசென்ஸை முடக்கலாம். காயத்தைப் பொறுத்து ஜெயில்கூடப் போடலாம். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தச் சட்டம் எனக்கே தெரியாது.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம்: "ஜெயில்ல உங்க பக்கத்துல படுக்கிறவரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அந்தக் குறட்டை."

அவள் கேலி பேசினால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

மார்ச் 10

மச்சான் வந்தான். எந்த ஆபீசிலும் தனக்கு ஆள் தெரியும் என்பான், யாரென்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

"அத்தான், சிம்பிள். சைக்கிள்காரர் மணியே அடிக்கல, வேகமா வந்தார்னு சொல்லுங்க. காத்துல போன மணிக்கு யாரு சாட்சி?"

"டாக்டரம்மா?"

"அவங்க கை தட்டிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு எங்க கேட்டிருக்கும்? லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? வாயால ஓட்டுவீங்களா?"

நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். பத்தாவதோடு நின்ற படிப்பு.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவர் மணி அடிச்சாரா இல்லையா?"

"போய்த் தூங்கு."

அப்போது மணி சாயங்காலம் ஆறு.

மார்ச் 12

சலூன்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரு பை நிறைய ஆரஞ்சு. கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் ராஜா மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையை எட்டிப் பார்த்தார்.

"இதை ஒத்தைக் கையால எப்படி உரிக்கிறது? இடிச்சதுதான் யோசிக்காம இடிச்சே, பழமாவது யோசிச்சு வாங்கக் கூடாதா?"

உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, என் மேல கோவமா?"

"வலிக்கும்போது திட்டுவேன். வலிக்காதப்ப உன்னை யாரு நினைக்கிறா?" என்றவர், ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "ஆனா மணி அடிச்சேன் வாத்தியாரே. உனக்குக் கேக்கலையா?"

நான் அடுத்த பழத்தை எடுத்தேன்.

மார்ச் 25

முடி காதை மூடிவிட்டது. வேறு கடைக்குப் போகக் கால் வரவில்லை.

ஏப்ரல் 3

நாளை கோர்ட். கேட்டதா? கேட்டது. சத்தியமாகக் கேட்டது. யாரோ யாருக்கோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இதைச் சொல்லிவிட்டால் வேலைக்கு என்ன வழி? சொல்லாவிட்டால் — அந்த மனுஷனிடம் போய்த் தலையைக் குனிந்து உட்காருவது எப்படி?

ஏப்ரல் 4

சொல்லிவிட்டேன்!

நீதிபதி ஓர் அம்மா. அதட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்க கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி மணிச் சத்தம் கேட்டுச்சா?"

பின் வரிசையில் மச்சான் இருமினான். 'இல்லை' என்பதற்கு ஓர் இருமல் என்று பேசி வைத்திருந்தோம். அவன் இருமிக்கொண்டே இருந்தான், பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கேட்டுச்சும்மா. வேற யாருக்கோன்னு நினைச்சிட்டேன்."

"உங்களுக்குத்தான்," என்றார் அந்தம்மா. கோர்ட்டே சிரித்தது. நான்கூடச் சிரித்துவிட்டேன். அப்புறம் சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

ஜெயில் இல்லை. அபராதம், வைத்தியச் செலவு, லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். "அதுவரைக்கும் ரோட்டை வெளியில இருந்து பாருங்க," என்றார்.

வராந்தாவில் மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், ஒரே ஒரு வார்த்தை. 'இல்லை'. அது உங்க வாய்ல வராதா?"

"அதுக்கு நீ இருமுறதை நிறுத்தியிருக்கணும்டா. எத்தனை 'இல்லை'ன்னு எண்ணுறதுலயே குழம்பிட்டேன்."

மகளும் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். வீடு வரைக்கும் என் கையைக் கோத்துக்கொண்டே நடந்தாள். சின்ன வயதில் பிடித்தது, அப்புறம் இன்றுதான்.

சலூன்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார், கோர்ட்டில் நான் சொன்னது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "கேட்டுச்சா? அப்ப சரி. மணியை மாத்தணுமோன்னு நினைச்சிட்டிருந்தேன். நல்லாத்தான் இருக்கு போல."

ஏப்ரல் 7

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "மூணு மாசம் வகுப்புல உக்காந்து பேசு. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம், உனக்கு வாய் இருக்கு," என்றார். ஆக, மச்சான் சொன்னது பலித்துவிட்டது. வாயால் ஓட்டுகிறேன்.

சலூன்காரரின் சைக்கிளை நிமிர்த்திச் சரிசெய்தேன். காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று மணி அடித்தேன். "ஏறுங்கண்ணே, கடையில விட்டுடறேன்."

"நீயா ஓட்டப்போறே?" என்று கேட்டவர் தயங்கித் தயங்கித்தான் கேரியரில் ஏறினார். அவர் எடை பெரிதில்லை. அறிவுரைதான் கனம். நிற்கும் ஒவ்வொரு காருக்கும் என் முதுகில் ஒரு தட்டு: "கதவு! கதவு! ஏய், கதவு!"

இத்தனை காலம் இந்தத் தெருவில் ஓட்டியிருக்கிறேன். இத்தனை கதவு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 16

அவர் கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், முடியோடு திரும்பிப் போகிறார்கள். வேறு கடைக்கு யாரும் போவதாகத் தெரியவில்லை. தெருவே பரட்டை. அதோடு எதிரில் வருகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து முடியைக் கோதிக் காட்டுகிறான்.

ஏப்ரல் 21

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். எழுதியே ஆக வேண்டும்.

வகுப்புக்காக வீட்டில் நாற்காலி போட்டு, பக்கத்தில் அலமாரிக் கதவைக் கார் கதவாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுப் பக்கத்துக் கையில் டீ டம்ளர். சரி என்று மற்றக் கையை, அந்தத் தூரக் கையை, குறுக்கே நீட்டித் திறந்தேன். உடம்பே திரும்பிவிட்டது! முகம் தானாகப் பின்னால் போய்விட்டது. அங்கே மனைவி துணிக்கூடையோடு நின்றாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைத் திரும்பிப் பாக்குறீங்க."

தூரக் கையால் திறந்தால் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் முகம், பிறகு கதவு. இவ்வளவுதான்! உலகத்தில் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் நான்தான்.

மே 2

சலூன்காரருக்குக் கட்டுப் பிரித்தார்கள். கடையில் கத்தரிக்கோலை எடுத்தார். விரல்கள் மூடவில்லை. திரும்ப வைத்துவிட்டார்.

வரும் வழியில் 'கதவு' என்று கத்தவே இல்லை. கத்தினால் தேவலாம் போல இருந்தது.

மே 5

மகளின் டென்னிஸ் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அழுத்திப் பழக. "உன் கழுத்துன்னு நினைச்சு அழுத்தட்டுமா?" என்றார். "தாராளமா."

மே 27

வகுப்புக்கு அவரைக் கூட்டிப்போனேன். காராகப் பாவித்துப் போட்ட நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மணி அடித்தபடி நடந்தார். அவசரமாகக் கதவைத் திறந்தவர்கள்மேல் எல்லாம் பொத்தென்று விழுந்து காட்டினார். டாக்டரம்மா மேல் மட்டும் விழவில்லை. அந்தம்மா தூரக் கையால் திறந்தார். கை தட்டியது இந்த முறை நான்.

அவர் அழுத்த, பந்தில் இன்று பள்ளம் விழுந்தது. நானே பார்த்தேன்.

ஜூன் 11

"வா, உக்காரு," என்றார். "கை சரியாச்சான்னு யாரு தலையில பாக்குறது? கேஸ்ல தோத்தவன் தலையிலதான்."

கத்தரிக்கோல் முதலில் தடுமாறியது. அப்புறம் அந்தப் பழைய சத்தம் வந்தது, கிச்சு கிச்சு கிச்சு. வெளியே ஒரு கூட்டமே நின்று பார்த்தது. பிடரியில் சவரக்கத்தியை வைத்துவிட்டு நிறுத்தினார்.

"இப்ப சொல்லு வாத்தியாரே. மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே! நல்லாக் கேட்டுச்சு!"

ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் இருந்தவர்கள் வரிசை பிடித்துவிட்டார்கள்.

நாளையிலிருந்து கேரியர் வேண்டாமாம், தானே ஓட்டிக்கொள்வாராம். சந்தோஷம்தான். ஆனால் காலையில் முதுகில் தட்ட ஆள் இருக்காது.

ஜூலை 4

லைசென்ஸ் கைக்கு வந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சலூன் தெருவுக்கு ஓட்டிப்போனேன். அதே இடத்தில் நிறுத்தினேன். ஓரக்கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, கோணலாக. "இதுக்கா அப்பா உங்களை வாத்தியார்ங்கிறாங்க?" என்றாள்.

தூரக் கையைக் கைப்பிடியில் வைத்தேன். முகம் திரும்பியது. மணிச் சத்தம்.

எனக்குத்தான்.

கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் வேகம் குறைக்காமல் வந்தார், என் கதவை ஒட்டியே போனார். போகும்போது வலது கையைத் தூக்கி ஆட்டினார். அவர் கடை வாசலில் இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம் திறந்தேன்.

இன்று எதுவும் நடக்கவில்லை.