சூடாறாத சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நடுங்கியது. மலை இறங்கி, பள்ளிக்கூட வளைவில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் குளிர்ஜுரம் வந்ததுபோல் கையில் உதறியது. மேலே ஏதோ வேலையாக வந்த இவரும் பக்கத்தில் இருந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் கால் சரியில்லன்னா வண்டி என்ன பண்ணும்?" என்றார். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீடு வந்து இறங்கும்போது, இதை விற்றுவிடலாம் என்று சிரிக்காமல் சொன்னார்.

விற்றால்? மலைமேல் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு ஆறு மணி ஷிப்ட். முதல் பஸ்ஸே ஏழுக்குத்தான். வண்டி போனால் வேலையும் போகும். புருஷனுக்கு இது தெரியாதா என்ன?

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக் அண்ணனிடம் போனில் கேட்டேன். ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சும்மா போகும்போதே ஆடினால் சக்கரத்தில் பேலன்ஸ் கோளாறாம். மிதித்தால் மட்டும் ஆடினால் பிரேக். சீட் அதிர்ந்தால் பின்பக்கம், ஸ்டீயரிங் அதிர்ந்தால் முன்பக்கம். சந்தைக்குப் பின்னால் போய்ப் போய் வந்தேன். மிதித்தால் மட்டும்தான். ஸ்டீயரிங் மட்டும்தான். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது — வண்டி கெட்டதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டு, அந்த டிஸ்க்கின்மேல் முள் வைத்த அளவுக் கருவியைப் பொருத்திக் கையால் சுற்றினார். ஓரிடத்தில் முள் எகிறியது. டிஸ்க் கோணிவிட்டது. ஜனவரியில்தானே புதுசு போட்டோம்? அவரும் அதைத்தான் யோசித்தார். மலை இறங்கும்போது எந்த கியர் என்று கேட்டார். நாலாவது என்றேன். வழி நெடுக பிரேக்கில் காலா? ஆமாம்.

"சரி, வீட்டுக்குப் போனதும் வண்டிய என்ன பண்ணுவீங்க?"

நான் ஒன்றும் பண்ணமாட்டேன். மாமனார்தான் பைப்போடு வாசலில் காத்திருப்பார். நான் இறங்குவதற்குள் சக்கரத்தில் தண்ணீரைப் பாய்ச்சுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும்.

"அப்போ பாதி உங்க கால், பாதி அந்தத் தண்ணி," என்றார் அண்ணன்.

கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணாமல் என்ன செய்யும். டிஸ்க்கைக் கடைந்து மட்டமாக்கித் தந்தார். திரும்பி வரும்போது ஸ்டீயரிங் அசையவே இல்லை. இனி இறக்கத்தில் இரண்டாவது கியர்தான்; என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், பிரேக் சூடாகாதாம். என் பாதி சரி. மாமாவின் பாதியை எப்படிச் சொல்வது?

மார்ச் 10

சொல்லவில்லை. தெருமுனையில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

இன்றும் தெருமுனையில். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா என்று ஆசையாக விசாரித்தாள்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. லைசென்ஸ் வந்த பிறகு முகம் கொடுத்தே பேசவில்லை. திடீரென்று ஒருநாள், யாரும் சொல்லாமல், நான் வந்து நின்றதும் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் இருக்கிற பேச்சு அதுதான்.

இவரிடம் முழுசாகச் சொன்னால் என்மேல் உள்ள பழி இறங்கி மாமாமேல் ஏறும். மகன் அப்பாவைச் சத்தம் போடுவான், நான் நின்னு வேடிக்கை பார்க்கணுமா? டிஸ்க்தான் கோணல், சரிசெய்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். "போன தடவையும் இதையேதான் சொன்னாங்க. மலையில உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அந்தப் பயத்தின்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறாராம்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிட்டேன். மாமாகிட்டதான். முதல்ல காபி குடிங்க மாமா, சக்கரம் ஆறட்டும், சூட்டுல தண்ணி பட்டா கோணிக்குதாம், நானும் இறக்கத்துல தப்பாத்தான் ஓட்டினேன் — மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அப்போ அந்த நடுக்கம் என்னாலயா?"

பாதிதான் மாமா என்றேன். குழாயை மூடி, பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனார். சாப்பிடவும் வரவில்லை. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். வண்டி எப்படியும் போகத்தானே போகுது, போகிற வண்டிக்காக அவரை ஏன் நோகடிச்சேன்?

மார்ச் 14

மாமா இன்று வாசலுக்கே வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வாங்குகிறவர் காலையிலேயே வந்துவிட்டார். இவர் சாவி எடுக்க உள்ளே வந்தார். பார்க்கப் பிடிக்காமல் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாமாவின் குரல் கேட்டது.

"மன்னிக்கணும் தம்பி. இது எங்க மருமக வேலைக்குப் போற வண்டி. இதக் கெடுத்ததுல எனக்கும் பங்கு இருக்கு, பழி மட்டும் அவ மேல விழுந்துடுச்சு. விக்கிறதா இல்ல."

இவர் நடையிலேயே நின்றுவிட்டார். பிறகு வாசலுக்குப் போனார். அப்பாவும் மகனும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். சத்தம் எதுவும் வரவில்லை. வந்தவரின் பைக் கிளம்பிப் போனது.

இவர் சமையலறைக்கு வந்தார். என் கை முழுக்க சோப்பு நுரை. அந்த ஈரக் கையிலேயே சாவியை வைத்துவிட்டுப் போனார்.