சுழிக்கு முந்திய வரி

7 ஜூன் 1999, திங்கள்

இன்றும் போகவில்லை.

கல்லூரி விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிப் பட்டனை அழுத்தினால், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் சரிதானா என்று சர்வர் பார்க்கிறது. அதுவரை ஒழுங்கு. சரியென்றால் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்கிற அடுத்த பக்கத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. நான் எழுதிய கட்டளையே திரையில் வெறும் எழுத்தாக விழுந்து கிடக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் படிக்கிற வேணியை உட்காரவைத்துச் சோதித்தேன். ஒன்றும் புரியாமல் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவள் பேரில் நாலு விண்ணப்பம்!

முதலாளி தில்லைநாயகம் சார் சத்தம் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை காலேஜ்லேர்ந்து பாக்க வாராங்க. அன்னைக்கும் இப்பிடின்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்மா" என்றார். அவ்வளவு பைய. அதுதான் பயமாக இருக்கிறது.

8 ஜூன்

பக்கத்து மேஜை குமரகுருபரன்: "போன்னு சொன்னா ஆடுகூட போவும். ஒங்க புரோகிராம் போவ மாட்டேங்கே!"

சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

9 ஜூன், புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

'அடுத்த பக்கத்துக்குப் போ' என்கிற வரிதான் சர்வரிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் வேறு எது போனாலும் இது கட்டளையாக இருக்காது, வெறும் எழுத்துதான். எங்கள் சென்டரில் எந்தப் புரோகிராமும் முதல் வேலையாகத் திரையில் பிள்ளையார் சுழியைப் போட வேண்டும். சாரின் உத்தரவு. நானும் போட்டிருக்கிறேன் — சரிபார்ப்பதற்கும் முன்னால்.

சார் வெளியே போனபோது சுழியை எடுத்துப் பார்த்தேன். ஓடியது. திரும்ப வைத்துவிட்டேன்.

யார் சொல்வது? சூடம் காட்டாமல் கம்ப்யூட்டரைப் போட விடாதவர். வயல் வேலைக்குப் போகிறவள் மகள் வந்து, ஒங்க பிள்ளையார எடுங்கன்னா — சும்மா விடுவாரா?

10 ஜூன்

சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் மேஜைவரை போனேன். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல சார்."

ராத்திரி அம்மா: "ஏட்டி, சோத்தத் திங்காம பெசஞ்சுக்கிட்டே இருக்கே. வேலைய விட்டு நிறுத்திட்டாவளா?"

நாளைக்குத் தெரியும்.

11 ஜூன், வெள்ளி

கல்லூரியிலிருந்து திருஞானசம்பந்தம் சார் வந்தார். அவரே நிரப்பினார், அழுத்தினார். மேலே சுழி, கீழே என் கட்டளை.

"இது என்னவே, மந்திரமா?"

குமரகுருபரன் என்னைக் கைகாட்டினான். "இவங்க எழுதுனது சார்."

தைரியம் எங்கிருந்து வந்ததோ. "பிள்ளையார் சுழி மறிக்கு சார்" என்றேன்.

மீதியைத் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். தில்லைநாயகம் சார் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப புள்ளையார எங்கன கொண்டு வைக்க?"

"போய்ச் சேருத பக்கத்துல சார். அங்கன அவர்தான் மொதல்ல."

வந்தவர் சிரித்துவிட்டார். "வழியில உக்காந்தா மறிக்கத்தான செய்வாரு!" எங்கள் சார் சிரிக்கவில்லை. "மாத்து" என்றார்.

மாற்றினேன். போனது! வேண்டுமென்றே தப்பான தேதி கொடுத்துப் பார்த்தார்கள். பிழையைச் சொல்லி, நிரப்பியது அழியாமல் அதே விண்ணப்பத்தைக் காட்டியது.

சாயங்காலம் கிளம்பும்போது "வாரேன் சார்" என்றேன். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

14 ஜூன், திங்கள்

வேலை இருக்கிறதா என்று தெரியாமலே பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். என் நாற்காலியில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன்.

கல்லூரியிலிருந்து போன். சார் கொஞ்ச நேரம் கேட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எழுதுன புள்ள இங்கனதான் இருக்கா, அவகிட்டயே கேளுங்க." என் முகத்தைப் பார்க்காமல் ரிசீவரை நீட்டினார்.

"கலையரசி பேசுதேன்" என்றேன். குமரகுருபரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.