ஒரு சாண் குறைந்த படகு

இன்று காலை நம் மண்ணூர்பேட்டை ஷெட்டின் முன்சுவரை இடித்தார்கள். ஷட்டரைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி தட்டி எடுத்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. "மேல பீம் ஓடுது சார், இது சும்மா அடைப்புச் செவுரு" என்றார் கொத்தனார். சுவரைத் தட்டத் தட்ட, பூச்சுக்குள் இத்தனை வருஷம் ஊறிக்கிடந்த, ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசினின் நெடி குப்பென்று கிளம்பியது. உன் சட்டையின் வாசனை அது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நீ போய் இருபத்தாறு நாள் ஆகிறது. ஷெட்டை ஒரு பார்சல் கம்பெனிக்கு விட்டிருக்கிறார் ஓனர். லாரி உள்ளே வர வேண்டுமாம், அதற்குத்தான் இந்த இடிப்பு. படகு அச்சுகளை அப்புறப்படுத்த நான் போயிருந்தேன். ஓனர் என் பக்கத்தில் வந்து நின்றார். மேனாம்பேட்டுக்காரர், இந்த இடமெல்லாம் வயலாக இருந்த காலத்துக் குடும்பம். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

"உங்க ஃப்ரெண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அன்னிக்கே இடிச்சிக் குடுத்திருப்பேன். படகு செய்றவருக்கு வாசல் இத்துனூண்டு இருந்தா இன்னா பண்றது?"

"கேட்டாரே ஐயா. நீங்கதானே முடியாதுன்னீங்க?"

"எங்கிட்டயா? நல்லா கீதே கதை! நாத்தம் தாங்கலன்னு ஒருநாள் நான் சத்தம் போட்டேன். அதுலேர்ந்து அந்த ஆளு என் மூஞ்சியே பாக்கல. எதிர்ல வந்தா வண்டியத் திருப்பிக்கினு பூடுவாரு."

உன் மகள், நினைவு மலரில் போட உன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஓனர் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதுவது இது. இதை அவளுக்குத் தரமாட்டேன்.

பாலிடெக்னிக் முடித்த இரண்டு பேர், ஆளுக்கொரு கம்பெனியில் வேலையை விட்டுவிட்டு, கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் ஃபைபர் படகு செய்ய உட்கார்ந்தோம். பக்கத்து ஷெட்காரர்கள் "கொரட்டூர் ஏரிக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நீ அசரவில்லை. ஞாயிறு தவறாமல் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு வடக்கே போவாய். மணலில் குந்திக்கொண்டு அலை எண்ணுவோம். எத்தனை சின்ன அலைக்கு ஒரு பெரிய அலை, எந்த இடத்தில் உடைகிறது, மதியம் காற்று ஏறினால் என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதுவாய்.

உடைகிற அலையைத் தாண்ட மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். கரையில் தள்ளி ஏற்ற அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். இதெல்லாம் எல்லாப் பட்டறைக்கும் தெரியும். அகலத்தைப் பற்றி யோசித்தவன் நீதான். நம் கரை தெற்கு வடக்காக ஓடுகிறது, அலை கிழக்கிலிருந்து வருகிறது, ஆகவே கரையோரமாகத் திரும்பி வருகிற படகு வழிநெடுக விலாவில்தான் அடி வாங்கும் என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாய். வலையும் மீனும் ஏற்றிய படகு ஒரு பக்கம் சாய்ந்தால், அதைத் திரும்பத் தூக்கி நிறுத்துவது அகலம்தான். "கடல் கேக்கறதத்தான் மச்சான் நாம குடுக்கணும். நம்மகிட்ட கீறத அது வாங்கிக்காது" என்றாய். அந்த வார்த்தைக்காகவே உன்னோடு இருந்தேன்.

அப்படி வந்ததுதான் அந்த இருபத்தெட்டு அடிப் படகின் வரைபடம். நடு அகலம் ஏழேகால் அடி. குப்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அண்ணன் தேசப்பன் வலை போடுகிறவர், தம்பி பாபு சுக்கான் பிடிக்கிறவர். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்குவதற்குள் படகு வேண்டும் என்றார்கள். பெரிய படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் சின்னப் படகுக்காரர்களுக்கு நல்ல காலம்.

அச்சுக்கு மரம் அறுக்கப்போகும் நாளில் நான் டேப்பை எடுத்து ஷட்டர் வாசலை அளந்தேன். சரியாக ஏழு அடி. நாம் இரண்டு பேரும் கடலை அளந்தோமே தவிர வாசலை அளக்கவே இல்லை. அன்று அதற்கு எப்படிச் சிரித்தோம்! சாய்த்து எடுக்கலாம் என்றால் மேலே ஷட்டர் பெட்டி இடிக்கும். படகை வெளியே வைத்தே செய்யலாம் என்றால் வெயிலில் ரெசின் கைக்குள் நிற்காமல் இறுகிவிடும். சுவரை இடிக்க ஓனரைக் கேள் என்றேன். மறுநாள் வந்து, "அந்தாளு முடியவே முடியாதுன்ட்டான் மச்சான். ஆறரைக்குப் போடு" என்றாய்.

போட்டேன். முதல் வரைபடத்தைச் சுருட்டி வீட்டுப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, முக்கால் அடி குறைத்து வேறொன்று வரைந்து, ஓரத்தில் என் இனிஷியலும் போட்டேன். எனக்குத் தெரியாமல் நடந்ததாக நான் சொல்லமுடியாது.

படகைப் பார்க்க வந்த அன்று பாபு விளிம்பில் விரலை விரித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சாண் போட்டார். "சார், நோட்டுல காட்டச்சொல்ல இன்னும் அகலமா இருந்துச்சே?" என்று கேட்டார். நீ அவர் தோளில் கைபோட்டு, "ஒல்லியா இருந்தாத்தான் நைனா ஓட்டம். டீசல் மிச்சம்" என்றாய். தேசப்பனும் சிரித்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

படகு கடலில் இறங்கிய ஏழாவது மாதம், மழைக்கு முந்தைய வாடைக்காற்றில், கரையோரமாகத் திரும்பி வரும்போது படகு கவிழ்ந்தது. பாபு நீந்தி வந்தார். தேசப்பன் வலையில் சிக்கிப் படகுக்கு அடியில் இருந்தார்.

குப்பத்துக்கு நாம் இரண்டு பேரும் போனோம். ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படகில் ஏதாவது கோளாறா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நீ கொஞ்சமும் தடுமாறவில்லை. "அலைக்கு விலாவக் காட்டிட்டாரு. மூக்கத் திருப்பியிருக்கணும்" என்றாய். எல்லோரும் பாபுவைப் பார்த்தார்கள். தேசப்பனின் மனைவியும் பார்த்தாள். பாபு தலையைத் தூக்கவே இல்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் பாபு கடலுக்குப் போகவில்லை. நீதான் கொரட்டூரில் ஏரிப்பக்கத்து அடுக்ககத்தில் அவருக்கு செக்யூரிட்டி வேலை வாங்கிக் கொடுத்தாய். உன் பதினாறாம் நாளில் மைக் பிடித்த நாலு பேரில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். மனுஷன்னா அவர்தான் மனுஷன் என்றார்கள். நான் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஏழு வருஷம் நான் உன்னை வேறு மாதிரி நினைத்திருந்தேன். கோழை என்று நினைத்தேன், ஆனால் மாட்டிக்கொண்ட கோழை என்று. ஓனர் மறுத்துவிட்டார், தேதி நெருங்கிவிட்டது, பாவம் நீயும் என்ன செய்வாய் என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். நீ கேட்கவே இல்லை என்று இன்றுதான் தெரிகிறது. உன்னைத் திட்டிய ஒருவர் முன்னால் போய் நிற்கக் கூச்சம். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்துக்குத் தேசப்பனின் உயிர் விலையா? பாவி, என்னிடமாவது சொல்லியிருந்தால் நான் போய்க் கேட்டிருப்பேனே. நானாகவும் போய்க் கேட்கவில்லை.

சாயங்காலம் பீரோவின் மேலிருந்து அந்த முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கொரட்டூருக்குப் போனேன். பாபு கேட்டருகே ஏரிக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்துவிட்டார். வருகைப் பதிவேட்டை நகர்த்திவிட்டு, அந்தச் சின்ன மேஜையில் வரைபடத்தை விரித்தேன்.

"இன்னா சார் இது?"

"உங்க படகு. மொதல்ல வரைஞ்சது. இதத்தான் உங்களுக்குக் குடுத்திருக்கணும். வாசல்ல வெளிய வராதுன்னு குறைச்சிட்டோம்."

"எவ்ளோ?"

"முக்கால் அடி. ஒரு சாண்."

அவர் மேஜை மேல் கையை வைத்து விரல்களை விரித்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பார்த்தார். ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தார். மறுபடியும் அதே இடத்தில் கையை விரித்து வைத்தார்.

"நான் திருப்பினேன் சார். நல்லாத்தான் திருப்பினேன். மூக்கு வர்றதுக்குள்ளயே சாஞ்சிடுச்சி. திருப்பினமா இல்லியான்னு எனக்கே டவுட்டாப் பூட்ச்சி."

"திருப்பினீங்க பாபு."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க அண்ணி ஏழு வருசமா எங்கூட பேசல" என்றார். வரைபடத்தை என் பக்கம் நகர்த்தி, "இத அவங்க கைல சொல்றியா சார்?" என்று கேட்டார்.

சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை அவருக்கு ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் குப்பத்துக்குப் போகிறோம். வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, வண்டிச் சாவி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். உன் சார்பில் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது உன்னுடையது, உன்னோடு போய்விட்டது. நீ என்ன சொன்னாய், என்ன செய்தாய் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். அந்த அம்மாள் கேட்டுக்கொள்வாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்பாள். இந்தக் காகிதம் ஏழு வருஷமாக யார் வீட்டில் இருந்தது என்று கேட்பாள்.

அதற்கு உன்னைக் கைகாட்ட முடியாது.