உட்கார்ந்தால் சரியாகிவிடும், பாக்கியம்

என் கூடப்பிறந்த பாக்கியத்துக்கு, உன் அக்கா எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. என் மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்து அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முதல் மாதமே எனக்குச் சுங்குடிச் சேலை எடுத்து வந்தான். அவன் தங்கை பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையை, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று டிவி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். உன் மகள் முத்துச்செல்வி ஜெயித்ததைக் கடைசியில்தான் சொல்வேன். அதுதான் பெரியது.

உன் நினைவு நாளுக்கு வருசா வருசம் அச்சடிக்கும் தாளில் இந்த முறை கவிதை வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள். நம் சனம் எல்லாம் படிக்கட்டும்.

வாடிப்பட்டியில் அந்த முளைப்பாரி ஞாபகம் இருக்கிறதா? தலையில் ஏற்றினால் கண்மாய்க் கரை போய்ச் சேரும்வரை இறக்கக் கூடாது. நீ பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய். குலவை சத்தம் அப்படியே நின்றுபோனது. சாமி குத்தம் என்றார்கள். உன்னை இழுத்துப் போய், செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலை இருபத்தோரு சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொள்ளச் சொன்னது நான்தான். நடக்க முடியாதவளுக்கு நடையையே மருந்தாகக் கொடுத்தேன்.

முதல் செவ்வாய், ஏழாவது சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள உலக்கை போடுற மாதிரி இருக்குக்கா. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

"உக்காந்தா மட்டும் சரியாகிருதாக்கும்? நல்லா நடிக்கிறடி. நாத்து நடுறப்பவும் இதே கூத்துத்தான."

உட்கார்ந்தால் உனக்குச் சரியாகத்தான் போனது. நீ நடிக்கிறாய் என்பதற்கு அதையே சாட்சியாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ போனபோது வீசிங் என்றார்கள். நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம்.

முத்துச்செல்வி ஒத்தக்கடையில் டீச்சராக இருக்கிறாள். நாற்பது வயதாகிறது. அவளுக்கும் வீசிங் என்றுதான் சொன்னார்கள். கைப்பையில் எந்நேரமும் உறிஞ்சுகிற பம்ப் கிடக்கும். வருசக் கணக்கில் உறிஞ்சியும் மூச்சுமுட்டல் குறையவில்லை. எக்கோ எடுத்ததில் இதயத்தின் வலது பக்கம் பெரிதாகியிருந்தது, ஆனால் காரணம் பிடிபடவில்லை. மதுரையில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது துணைக்கு நான் போனேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"இல்ல மேடம். எங்கம்மா வீசிங்ல போய்ட்டாங்க" என்றாள் உன் மகள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வீசிங்னுதான் சொன்னாக டாக்டர். ஆனா ஒருநாளும் இழுப்புச் சத்தம் கேட்டதில்ல. நடந்தா மூச்சு முட்டும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். உக்காந்தா சரியாகிரும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கும் அப்படித்தானா?" என்று முத்துச்செல்வியைக் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். மாடி ஏற முடியாமல்தான் வருசா வருசம் கீழ்த்தள வகுப்பையே கேட்டு வாங்குகிறாளாம்.

"இம்புட்டு நாளா ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நடிக்கிறேம்பீங்க பெரியம்மா. அம்மாவச் சொன்னீங்கள்ல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாக்கியம். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலிலிருந்து நல்ல ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் எல்லாம் இதயத்தின் இடது பக்கம் சேர வேண்டுமாம். இவளுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே தடம் மாறி, வலது பக்கம் போகிற குழாயில் சேர்ந்திருக்கிறது.

"வயலுக்குப் பாய வேண்டிய தண்ணி மறுபடி கண்மாய்க்கே போகுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"அதேதான் பாட்டி! ஒரே தண்ணிய இறைச்சு இறைச்சு மோட்டார் களைச்சுப் போச்சு."

"நாப்பது வருசமா எங்க ஒளிஞ்சிருந்துச்சு?"

"ஒளியல. ரொம்ப அபூர்வம், அதையே தேடிப் பாத்தாத்தான் தெரியும். சின்ன வயசுல இதயம் சமாளிச்சுக்கும். இப்பத்தான் முடியலன்னு சொல்லுது."

உனக்கும் இதேதானா என்று கேட்டேன். "பாக்காம சொல்லக் கூடாது பாட்டி. பெரும்பாலும் இது குடும்பத்துல வர்றதில்ல. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, அவங்க நடிக்கல."

உனக்கு என்னதான் இருந்தது, பாக்கியம்? இனி யார் பார்த்துச் சொல்வது?

ஆபரேஷன் செய்து அந்தக் குழாயின் வழியை இடது பக்கம் திருப்பிவிட்டார்கள். நெஞ்சில் ஒரு சாண் தழும்பு. தேறி வர மாதக் கணக்கானது. இப்போது கேள், நான் கடைசிக்கு வைத்திருந்த சேதியை. இந்த வருசம் உன் மகள் இரண்டாம் மாடியில் வகுப்புக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நடுவில் எங்கும் நிற்காமல் ஏறிப் போகிறாளாம்.

நம் வீட்டில் இருக்கும் உன் ஒரே படம் ஸ்டூடியோவில் எடுத்தது. எல்லோரும் நிற்க, நீ மட்டும் உட்கார்ந்திருப்பாய். "மகாராணிக்கு நாற்காலி போடணுமாம்" என்று அன்றைக்கும் நான்தான் சொன்னேன். இனி நம் வீட்டில் எந்தப் பெண் பாதியில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் நானும் உட்கார்ந்து, "என்னத்தா செய்யுது?" என்று கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

முத்துச்செல்வி, நீயும் இதைப் படிப்பாய். அந்த மாடிப்படி உச்சியில் நின்று ஒரு படம் எடு. செல்லில் அனுப்பினால் என் கண்ணுக்குத் தெரியாது, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. உயிரோடு இருப்பவர் படத்தைப் போனவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது, எதிர்ச் சுவரில்தான் மாட்டுவேன்.

உன் அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கட்டும்.

அன்றைக்கு உனக்கு நாற்காலி இழுத்துப் போடாத,
உன் அக்கா