கத்தரியைக் கீழே வைக்கும் மாதம்

என் ஒட்டகக்குட்டி ஷோல்பனுக்கு,

தால்கரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, ஆடுகள், கோழிகள் எல்லோரும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அது எப்போதுமே நம் குடும்பத்தோடு ஒத்துப்போனதில்லை. நீயும் மாப்பிள்ளை தாஸ்தானும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன விருந்தாளியும் புசானில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறோம். நாங்கள் எத்தனை கோப்பை குடிப்போம் என்று உனக்குத் தெரியும், அத்தனை முறை.

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. கல்யாணமான புதுசுல வாங்கன்னேன், காய் பறிக்கணும்னீங்க, வீடு மாத்தினோம் வாங்கன்னேன், மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னீங்க, இப்ப மார்ச்சுல குழந்தை பொறக்குது வாங்கப்பான்னா கவாத்துங்கறீங்க, வருஷத்துல எந்த மாசம் கத்தரியக் கீழ வைப்பீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்தத அந்த மாசமே பெத்துக்கறேன் என்றாய். பக்கத்தில் பவுர்சாக் மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியோடு திரும்பி, நல்லா கேளுடி, நீ மரத்துக்குப் பொறந்திருந்தா உன்ன ஒழுங்கா கவனிச்சிருப்பாரு என்றாள். எண்ணெய் என் மேல் தெறித்தது. தெரியாமல் தெறித்தது என்றுதான் சொல்கிறாள்.

சரி, கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன். இப்போது ஜனவரி, குளிரில் கிளை கண்ணாடி மாதிரி இருக்கும், கத்தரி வைத்தால் நாம் நினைத்த இடத்தில் உடையாது, அதனால் வெட்டக் கூடாது, கிளையில் கனக்கும் பனியைக் கம்பால் தட்டிவிடலாம், அவ்வளவுதான். பிப்ரவரி கடைசியில் கொடுங்குளிர் விட்டதும் ஆரம்பித்து, மொட்டு வீங்குவதற்குள், அதாவது மார்ச்சு முடிவதற்குள் முடிக்க வேண்டும், அதுதான் கவாத்து. ஏப்ரலில் சாறு ஓட ஆரம்பித்துவிடும், வெட்டின இடம் அழும், நிறுத்திவிட வேண்டும். மே மாதம் பூ, கையே வைக்கக் கூடாது. ஜூனில் மரம் தானே பிஞ்சுகளை உதிர்க்கும், நெருக்கமாகத் தொங்குவதை நாமும் கிள்ளிவிடலாம், வாடிக் கருகின கிளை கண்ணில் பட்டால் மட்டும் உடனே வெட்டி எரித்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நெட்டுக்குத்தாக வானத்தைப் பார்த்து ஓடும் பச்சைக் கொழுந்துகளை எடுத்தால் காய்க்கு வெயில் பட்டு அப்போர்ட் ஆப்பிள் நன்றாகச் சிவக்கும். செப்டம்பர் பறிப்பு. அக்டோபரிலும் நவம்பரிலும் இலை கொட்டி மரம் வெறுமனே நிற்கும்போது கை துறுதுறுக்கும், ஆனால் அப்போது வெட்டினால் காயம் ஆறுவதற்குள் குளிர் உள்ளே புகுந்துவிடும், சுண்ணாம்பு அடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். டிசம்பரில் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தொடாதே தொடாதேன்னுதானே முக்காவாசி எழுதியிருக்கீங்க, அப்ப இத்தனை வருஷமா தோட்டத்துல என்னதான் பண்ணிட்டிருந்தீங்க என்றாள். பத்தாவது வரை படித்த மூளையைக் கசக்கிப் பார்த்தால், வருஷத்தில் மரத்துக்கு நான் கட்டாயம் வேண்டியிருப்பது அந்த ஒரு மாதம்தான், அதுவும் உனக்கு நான் வேண்டியிருக்கும் மாதம்.

அந்த மாதத்தை என்னால் சுலபமாக விட முடியவில்லை என்பதற்கு மரம் மட்டும் காரணமில்லை. மார்ச்சுக் காலையில் பனியின் மேல்தோல் இறுகிக் கல்லாகக் கிடக்குமே, அதன் மேல் நின்றால் ஏணி இல்லாமலே உயரக் கிளை கைக்கு எட்டும், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். நான் பக்கத்துத் தோட்டத்துத் துர்தகுனோடு வேலிக்கு மேலாக வாயடித்துக்கொண்டே நின்று நேரத்தை விட்டுவிடுவேன், திடீரென்று பனி உடைந்து இடுப்புவரை போய்விடுவேன். அப்போது உனக்கு ஏழு வயது, உன் எடைக்குப் பனி உடையாது, மேலே நின்றபடி, அம்மா ஓடி வா, அப்பா குட்டையாயிட்டாரு என்று கத்துவாய். என்னைத் தூக்கிவிடாமல் என் தொப்பியைக் கழற்றித் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடுவாய். வெட்டின குச்சிகளைச் சறுக்கு வண்டியில் இழுத்துப் போய்ச் சமையலறை ஜாடியில் வைப்பாய், வெளியே பனி கொட்டும்போது உள்ளே ஆப்பிள் பூத்திருக்கும். இப்போதும் மார்ச்சில் தோட்டத்துக்குப் போனால் எனக்கு நீ ஏழு வயதுதான். புசானுக்கு வந்து வயிறும் நோகும் இடுப்புமாக நிற்கிற ஒரு பெரிய பெண்ணைப் பார்த்துவிட்டால், அப்புறம் அந்தச் சின்னது எங்கே போகும் என்று ஒரு பயம். சிரிக்காதே, கிழவனுக்கு இப்படி ஏதாவது வரும்.

நேற்று துர்தகுன் வீட்டுக்குப் போனேன். எங்கள் சண்டை உனக்குத் தெரியும், நான் மரத்தின் நடுத்தண்டை விட்டுச் சுற்றி வெட்டுகிறவன், அவன் நடுத்தண்டை எடுத்து மரத்தைக் கிண்ணம் மாதிரி திறந்து விடுகிறவன், இருபது வருஷமாக நான் அவன் மரங்களைச் சூப்புக் கிண்ணம் என்பேன், அவன் என் மரங்களைத் துடைப்பம் என்பான். போய் உட்கார்ந்து, இந்த மார்ச்சு என் மரங்களை நீதான் பார்க்க வேண்டும் என்றேன். அவன் வாயில் வைத்த ரொட்டியை எடுத்துவிட்டான். உன் மரத்தயா, எங்கிட்டயா, ஒரின்பெக், உடம்பு கிடம்பு சரியில்லையா என்றான். விஷயத்தைச் சொன்னேன். அட முட்டாளே, இத முதல் நாளே சொல்றதுக்கென்ன, போயிட்டு வா, நீ திரும்பி வரும்போது உன் மரமெல்லாம் மொட்டையா நிக்கும், உன் பேரப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருக்கும், சரிக்குச் சரி என்றான். நடுத்தண்டை மட்டும் தொடாதே என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றான். தொடுவான். தொடட்டும்.

பெண்ணைப் பெற்றவர்கள்தானே தொட்டில் கொண்டுவர வேண்டும், நான் செய்து முடித்துவிட்டேன், விமானத்துக்காகத் தனித்தனியாகக் கழற்றிக் கம்பளியில் சுற்றியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்கறிச் சாறு வைக்க அந்த ஊரில் நல்ல ஆடு கிடைக்குமா என்று அம்மா கேட்கிறாள், தாஸ்தானை இப்போதே விசாரிக்கச் சொல். இந்தக் கடிதத்தையும் ஒரு பை காய்ந்த ஆப்பிளையும் அங்கே வரும் அவன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், வழியில் அவன் தின்றுவிடாமலிருந்தால் உனக்குக் கிடைக்கும். கனமானதைத் தூக்காதே, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, விமான நிலையத்துக்கு நீ வராதே, மாப்பிள்ளை வந்தால் போதும்.

சுகமாகப் பெற்றுப் பிழைத்து, பால் குறையாமல், நீண்ட ஆயுளோடு இரு கண்ணே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, குழந்தையின் காதில் பேரை மூன்று முறை சொல்லும் உரிமையைச் சம்பந்தி எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், பதிலுக்கு ஒரு பெட்டி அப்போர்ட் கேட்டிருக்கிறார். அதனால் நான் வந்து சேரும்வரை யாரும் அதைப் பேர் வைத்துக் கூப்பிடக் கூடாது. அழுதால், தாத்தா வழியில இருக்காரு என்று சொல்லுங்கள்.

கத்தரியைக் கீழே வைத்துவிட்ட
உன் அப்பா,
ஒரின்பெக்